குலுவுக்குப் போகுமுன் கொஞ்சம் காளான் சங்கதி

ராமகிருஷ்ணபுரம், புது தில்லி
பங்குனி 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்து நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். இலவம்பூ கொட்டி ஓய்ந்து, வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. நீ சித்திரை நடுவில் வருவதால் தில்லியில் இரண்டு நாளுக்கு மேல் தங்கச் சொல்லமாட்டேன். காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் பிடித்தால் காலையில் குலு. அந்தப் பக்கம் காட்டில் காளான் எடுப்பது பற்றிக் கேட்டிருந்தாயே, அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

தில்லியில் தேடலாமா என்ற ஆசையை முதலில் விடு. நம் பக்கம் மழைக்குப் பிறகு புற்றில் காளான் எடுக்கிற மாதிரி இங்கே வசந்தத்தில் ஒன்றும் கிடையாது. இது வறட்சிக் காலம். ரிட்ஜ் காட்டிலும் பூங்காக்களிலும் காளான் தலைகாட்டுவது ஆடி, ஆவணி மழையில்தான். அப்போதும் புல்தரையில் வெள்ளையாக, பெரிதாக, செதில் செதிலாக ஒன்று வரும். பார்க்க வெகு அழகு. தொப்பியைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் வைத்து, மேலே ஒரு டம்ளரை மூடி ராத்திரி முழுக்க விட்டால், காலையில் மங்கிய பச்சைத் தூள் படிந்திருக்கும். அதைத் தின்றால் ஓரிரு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்தான். இளசாக இருக்கும்போது தொப்பிக்கு அடியில் உள்ள மடிப்புகள் வெள்ளையாகவே இருப்பதால் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

நீ தேட வேண்டியது மோரல். மலைக்காரர்களும், பழைய தில்லி மசாலாச் சந்தையான காரி பாவ்லியின் கடைக்காரர்களும் அதைக் குச்சி என்பார்கள். தேவதாரு, கைல் பைன் மரங்களின் அடியிலும், ஆப்பிள் தோட்ட ஓரங்களிலும், முந்தின வருஷம் தீப்பிடித்த சரிவுகளிலும் வரும். பனி உருகி, மண்ணுக்குச் சூடு ஏறி, நடுவில் ஒரு மழையும் விழ வேண்டும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் பங்குனிக் கடைசியில் தொடங்கும். சித்திரை, வைகாசியில் பனிக்கோடு ஏற ஏறக் காளானும் மேலே போகும். அதனால் "எந்த ஊரில் கிடைக்கும்" என்று கேட்காதே. "இங்கே பனி கரைந்து எத்தனை நாளாச்சு" என்று கேள். இரண்டு மூன்று வாரம் என்றால் அங்கே நில். தெற்குப் பார்த்த சரிவு முந்திக்கொள்ளும், வடக்குப் பார்த்தது பிந்தும். இடி இடித்தால் குச்சி முளைக்கும் என்று அங்கேயும் சொல்வார்கள். இடியோடு மழையும் வருகிறதே, அதுதான் காரணமாக இருக்கும்.

கண் பழக நேரம் எடுக்கும். உதிர்ந்த இலையும் பைன் காயும் கிடக்கிற தரையில் அதே பழுப்பு நிறத்தில் நிற்கும். மேலிருந்து கீழே பார்த்தால் தெரியாது. சரிவின் அடியில் குந்தி உட்கார்ந்து மேல் நோக்கிப் பார். தண்டின் வெளிர்நிறம் பக்கவாட்டில் தெரியும். ஒன்று கிடைத்ததும் பறிக்க ஓடாதே. நின்ற இடத்திலேயே சுற்றி ஒரு பத்தடி பார், காலடியிலேயே இரண்டு இருக்கும்.

இனி முக்கியமான சமாசாரம். கையில் எடுத்த ஒவ்வொன்றையும் உச்சியிலிருந்து அடிவரை நெடுக்காக வகிர்ந்து பார்க்க வேண்டும். "பத்து பார்த்தேன், சரியாக இருந்தது" என்கிற கணக்கு உதவாது. நல்ல மோரலின் தொப்பியில் தேனடை மாதிரி குழிகளும் வரம்புகளும் இருக்கும். தொப்பியின் கீழ் விளிம்பு தண்டோடு ஒட்டியே இருக்கும். வகிர்ந்தால் தொப்பி நுனியிலிருந்து தண்டின் அடிவரை ஒரே வெற்றறை. ஏமாற்றுகிறவை இரண்டு. வெர்பா என்ற ஒன்றில் தொப்பி தண்டின் உச்சியில் மட்டும் பிடித்திருக்கும், விளிம்பு விட்டுத் தொங்கும், தண்டுக்குள் பஞ்சு அடைந்திருக்கும். ஜைரோமித்ராவில் குழியே இருக்காது. சுருண்ட மடிப்புகள்தான், செம்பழுப்பு நிறம், உள்ளே அறை அறையாகவோ பஞ்சாகவோ இருக்கும். அதிலுள்ள ஜைரோமித்ரின் உடம்புக்குள் போனால் மோனோமெத்தில் ஹைட்ரஸின் ஆகிறது, ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் அதே பொருள். கல்லீரலைத் தாக்கும். சந்தேகம் என்றால் வீசிவிடு, கூடையில் மற்றதோடு போடாதே.

மோரல் தவிர வேறு எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், சமையலுக்கு எடுக்காதே. அமானிட்டா என்கிற காளான் வகைகளில் சிலதின் விஷம் கொதித்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வயிறு கெடும். பிறகு தேறிவிட்டது போலத் தோன்றும், அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்கிற சோதனையெல்லாம் சுத்த மூடத்தனம். சமைக்காத காளான் ஒன்றை எப்போதும் தனியாக எடுத்து வை. ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்ட அதுதான் உதவும். தில்லி எய்ம்ஸில் இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. அங்கே கேட்கச் சொல்.

எடுத்துப் போக மூங்கில் கூடை, இல்லாவிட்டால் துணிப்பை. பாலிதீன் வேண்டாம், வியர்த்து, சாயங்காலத்துக்குள் கொழகொழத்துவிடும். மண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கத்தியால் அறு. அறுத்தால்தான் அடுத்த வருஷம் வரும் என்பதற்காக இல்லை, வேரோடு பிடுங்கினால் ஒட்டி வரும் மண் மற்றதன் குழிகளிலும் புகுந்துவிடும் என்பதற்காக. சுவிட்சர்லாந்தில் 29 ஆண்டுகள் ஒரே காட்டில் பார்த்து 2006-இல் எழுதினார்கள்: அறுத்தாலும் பிடுங்கினாலும் அடுத்த விளைச்சல் குறையவில்லை, மிதித்த இடத்தில்தான் காளான் குறைந்தது. கூட்டமாகப் போகாதே என்று சொல்வது அதனால்தான். பழைய டூத் பிரஷ் ஒன்று கொண்டு போ, அங்கேயே தட்டித் துடைத்துவிடலாம். சாலையோரமும், மருந்து தெளித்த தோட்டமும் வேண்டாம். காளான் ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தனியாகக் காட்டுக்குள் நுழையாதே. குச்சி அங்கத்திய குடும்பங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ரொக்கம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருக்குக் கூலி கொடுத்துப் போ. தீர்த்தன், சைஞ்ஜ் பள்ளத்தாக்குப் பக்கம் போனால், பெரிய இமாலய தேசியப் பூங்காவின் எல்லையைக் கேட்டுக்கொள். 1999-இல் பூங்காவாக அறிவித்த பிறகு சுற்றுக் கிராமத்தாருக்கே உள்ளே பொறுக்கும் உரிமை போய்விட்டது, நமக்கு எங்கே!

காய வைப்பது சுலபம். கழுவக் கூடாது. பாதியாக வகிர்ந்து, உள்ளே எறும்பு, புழு இருந்தால் தட்டிவிட்டு, வலைத்தட்டில் பரப்பு. ஊர்க்காரர்கள் வகிரமாட்டார்கள், முழுசாக இருந்தால்தான் விலை, அதனால் நூலில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள், கொஞ்சம் புகைவாசனை ஏறும். நமக்கு அந்தக் கவலை இல்லை. டீஹைட்ரேட்டர் இருந்தால் 45-50 டிகிரி. பத்துக் கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. கடையில் கிலோ பல்லாயிரம் ரூபாய் சொல்வதில் பாதிக் காரணம் இதுதான். ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம். கண்ணாடி ஜாடியில் அடைத்து ஒரு வாரம் ஃப்ரீஸரில் வைத்தெடுத்தால் பூச்சி முட்டை தொலையும்.

பச்சையாக ஒரு துண்டுகூட வாயில் போடாதே, ஸாலட் எல்லாம் கிடையாது. அமெரிக்காவில் மொன்டானாவில் 2023-இல் ஒரு சாப்பாட்டுக் கடையில், பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய மோரலால் 51 பேர் நோயுற்றார்கள், இரண்டு பேர் செத்தே போனார்கள். காய்ந்ததும் அப்படித்தான், உலர்த்தினால் மட்டும் போதாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. அதில்தான் ருசி என்று சமையல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மறுபடி இரண்டு தரம் அலசு, மண் எங்காவது ஒளிந்திருக்கும். பிறகு கொதிநீரில் 15 நிமிடம், இல்லையென்றால் வாணலியில் 20 நிமிடம் குறையாமல். முதல் தடவை இரண்டு மூன்று துண்டோடு நிறுத்திக்கொள், அன்றைக்கு மது வேண்டாம். நன்றாக வெந்த மோரலே அதோடு சேர்ந்து சிலருக்கு வயிற்றைப் புரட்டும்.

நாலு பேர் புலாவுக்குக் காய்ந்தது 25 கிராம் தாராளம். நம் சமையலில் மல்லி, தேங்காய் அரைத்துவிட்டு மசாலாவில் முக்கினால் வாசனை செத்துப்போகும். நெய்யில் சின்ன வெங்காயம் வதக்கி, உப்பு, கடைசியில் இடித்த மிளகு. அவ்வளவுதான்.

காட்டில் எதுவும் அகப்படாவிட்டால் திரும்பி வரும்போது காரி பாவ்லியில் நூறு கிராம் வாங்கித் தருகிறேன். காலையில் பத்தரைக்கு முன்னால் போகக் கூடாது, பாதிக் கடை திறந்திருக்காது. எந்த ரயில் என்று முன்கூட்டி எழுது, ஸ்டேஷனுக்கு வருகிறேன். கோயம்புத்தூர் நல்லெண்ணெய் இரண்டு லிட்டர் மறக்காதே.

உன்,
ராமநாதன்