பெனலோப்பியின் தறி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் ஆண்டுவிழாவுக்கு, கிரேக்கக் காவியமான ஒடிசியில் வரும் பெனலோப்பி கதையை நாடகமாகப் போடுகிறார்கள் என்று படித்ததில் சந்தோஷம். மேடைக்குத் தறி செய்ய ஆசாரியிடம் என்ன சொல்வது, வேறு எந்தக் கிரேக்கப் பெண்களையும் தேவிகளையும் சேர்க்கலாம் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. தறியைச் சரியாக நிறுத்திவிட்டால், யாரைச் சேர்க்கலாம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

நீ வரைந்து அனுப்பியிருப்பது நம் ஊர்க் குழித்தறி. பாவு, அதாவது நீளவாட்டு நூல், கிடையாக ஓடுகிறது, பெனலோப்பி உட்கார்ந்து மிதிக்கிறாள். கிரேக்கத் தறி அப்படி இல்லை, நிமிர்ந்து நிற்பது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக இரண்டு நிலைக்கால்கள், மேலே ஒரு குறுக்குக் கட்டை. பாவு நூல்கள் அந்தக் கட்டையிலிருந்து கீழே தொங்கும். நுனிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, ஒவ்வொரு கொத்திலும் ஒரு சுடுமண் எடைக்கல்லைக் கட்டுவார்கள். நூலை விறைப்பாக வைத்திருப்பது அந்தக் கற்கள்தான். தறி முழுவதையும் சுவரில் கொஞ்சம் சாய்த்து நிறுத்த வேண்டும். ஆசாரி அழகுக்காக நேராக நிறுத்திவிடுவார், விடாதே. சாய்வு இல்லாவிட்டால் தறி வேலை செய்யாது.

ஏனென்றால், கால்களுக்கு நடுவே கீழே ஓர் அசையாத குறுக்குத் தடி இருக்கிறது. பாவில் ஒன்றுவிட்டு ஒரு நூல் அந்தத் தடிக்கு முன்னால் சாய்ந்து கிடக்கும். மற்ற நூல்கள் பின்னால் செங்குத்தாகத் தொங்கும். சாய்வினாலேயே இரண்டு வரிசைக்கும் நடுவில் ஊடை, அதாவது குறுக்கு நூல், நுழைய வழி திறந்துவிடுகிறது. அடுத்த வரிக்கு, பின்வரிசை நூல்களை விழுதுகளில் (நூல் வளையங்களில்) பிடித்திருக்கும் தடியை முன்னால் இழுத்து, கால்களில் பொருத்திய கவைகளில் வைத்தால் எதிர்வழி திறக்கும். ஊடையை நுழைத்ததும், வாள்போன்ற மரப்பட்டையால் மேல்நோக்கி அடித்து ஏற்ற வேண்டும். துணி மேலிருந்து கீழாக வளரும். எகிப்தியர் ஊடையைக் கீழே அடிக்கிறார்கள், மற்றவர் எல்லாம் மேலே அடிக்கிறார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் வியந்து எழுதியது இதைத்தான்.

எடைக்கற்களில் கவனமாக இரு. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு மீட்டர் அகலத் துணி, சென்டிமீட்டருக்கு 8 பாவு நூல் என்றால் மொத்தம் 800 நூல். ஒரு நூலுக்கு 20 கிராம் இழுவை வேண்டுமென்றால், 200 கிராம் கல் ஒன்று 10 நூலைத் தாங்கும். ஆக 80 கல், முன்வரிசை 40, பின்வரிசை 40. கற்களை நெருக்கித் தொங்கவிட்டால் வரிசையின் நீளம் துணியின் அகலத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், அதாவது ஒரு கல்லின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டர். கல் தடித்துப் போனால் பாவு கீழே விரிந்து, ஊடை நெருங்காமல் துணி தளர்ந்துபோகும். மெலிந்தால் ஓரங்கள் உள்ளே சுருங்கும். எடை கூடினால் மெல்லிய நூல் அறும், குறைந்தால் நூல்கள் ஒட்டிக்கொண்டு வழி சரியாகத் திறக்காது. மேடையில் இவ்வளவும் வேண்டாம்தான். ஆனால் கற்களை மட்டும் விட்டுவிடாதே. அவை ஒன்றோடொன்று மோதும் ஓசை உனக்குப் பின்னணி இசையாகவே ஆகும். தென் இத்தாலியின் தரெந்தும் பகுதியில் கிடைத்த ஒரு கல்லில் கை முளைத்த ஆந்தை ஒன்று கம்பளி நூற்கிறது. அதீனாவின் பறவை அல்லவா! பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மாதிரிப் படத்துக்கு இரண்டு பானைகளைத் தேடிப் பார். ஒன்று, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அமாசிஸ் ஓவியரின் எண்ணெய்க் குப்பி, கி.மு. 550–530 வாக்கில் செய்தது. 17 சென்டிமீட்டர் உயரந்தான், ஆனால் கம்பளியை எடைபோடுவது, நூற்பது, நெய்வது, துணியை மடிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. மற்றொன்று இத்தாலியின் கியூசி நகர அருங்காட்சியகத்தில் உள்ள கோப்பை, ஏறக்குறைய கி.மு. 440. தறிமுன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பெனலோப்பி, எதிரே ஈட்டிகளுடன் மகன் டெலிமாக்கஸ். தறியில் இறக்கை கொண்ட விலங்குகள் வரிசையாக நெய்யப்பட்டிருக்கின்றன. உன் உடை அலங்காரமும் இதிலேயே முடிந்துவிடும்.

இனி பெனலோப்பியின் தந்திரம். கணவன் ஒடிசியஸ் டிராய்ப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. தன்னை மணக்கச் சொல்லி ஆண்கள் பலர் வீட்டில் வந்து உட்கார்ந்து நெருக்குகிறார்கள். மாமனார் லயெர்டீஸுக்கு ஈமத்துணி நெய்து முடித்ததும் மறுமணம் செய்கிறேன் என்கிறாள். மாமனார் அப்போது உயிரோடுதான் இருக்கிறார், அதை நாடகத்தில் சொல்லிவிடு. பகலில் நெய்து, இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் பிரிக்கிறாள். மூன்று ஆண்டுகள் ஏமாற்றி, நான்காம் ஆண்டில் பிடிபடுகிறாள். ஒடிசி இந்தக் கதையை 2, 19, 24 ஆம் காண்டங்களில் மூன்று முறை சொல்கிறது. வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் 108 பேருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று உன் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

என் பதில் இது. வெறும் துணி என்றால் மூன்று ஆண்டு தாங்காது, சில வாரங்களில் எவனாவது கேட்டிருப்பான். ஆனால் அது மிகப் பெரிய, மெல்லிய துணி என்று காவியமே சொல்கிறது. கியூசி கோப்பையில் உள்ளதுபோல் சித்திரத் துணியாக இருந்தால், ஒரு சாண் நெய்யவே பல நாள் ஆகும். நெய்த பகுதி கீழே இறங்க இறங்க மேல்கட்டையில் சுற்றிவிடுவதால், எவ்வளவு முடிந்தது என்பது வாசலில் நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. நெசவு அறியாத ஆண்களிடம் மட்டுமே செல்லுபடியாகும் ஏமாற்று இது.

பிரிப்பதும் சுலபமான வேலையில்லை. உன் படத்தில் அவள் நூலைப் பிடித்து இழுக்கிறாள், துணி சரசரவென்று அவிழ்கிறது. அது பின்னல் வேலையில்தான் நடக்கும். நெசவில் கடைசியாகப் போட்ட ஊடையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிக்கும் அதற்குரிய வழியை மறுபடி திறந்து, நூலை உருவி, தாரில் திரும்பச் சுற்ற வேண்டும். கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அவசரமாக இழுத்தால் பாவு நூல் பிசிறடித்துத் தேயும், தேய்ந்த நூல் மறுநாள் நெய்யும்போது அறும். அறுந்த இடத்தில் முடிச்சு விழும். ஆகவே ஒரே இரவில் எல்லாவற்றையும் அவிழ்த்தாள் என்று காட்டாதே. அன்றன்று நெய்த சில விரற்கடை அளவைப் பொறுமையாகப் பிரித்திருப்பாள்.

அகலத் தறியில் ஒருத்தி தனியாக வேலை செய்வது கடினம். அமாசிஸ் குப்பியிலும் தறிமுன் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். விழுதுத் தடியைத் தூக்கி வைக்க இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. போதாததற்கு, நெய்வதைவிட நூற்பதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ஊடை தீரத் தீர நூல் தந்துகொண்டிருந்தவர்கள் அடிமைப் பெண்கள். அந்த வீட்டில் அவர்கள் ஐம்பது பேர். மூன்று ஆண்டுகளாக ஒரே துணிக்கு எவ்வளவு நூல் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆகவே ரகசியம் அவர்கள் வழியாக வெளிவந்தது இயல்புதான். 19 ஆம் காண்டத்தில் பெனலோப்பி அவர்களை நாய்கள் என்று திட்டுகிறாள். 22 ஆம் காண்டத்தில் பன்னிரண்டு பேரை டெலிமாக்கஸ் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான். காட்டிக்கொடுத்த குற்றத்துக்காக அல்ல, அந்த ஆண்களோடு படுத்ததற்காக. பெரும்பாலான பள்ளி நாடகங்கள் பெனலோப்பியின் கற்பைப் பாடிவிட்டு இந்தப் பெண்களை மேடையிலேயே ஏற்றுவதில்லை. நீயாவது ஏற்று. உன்னிடம்தான் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்களே, ஆளுக்கு ஒரு தக்களி கொடு.

வேறு யார் என்றால், ஹெலன் கட்டாயம். டிராய்ப் போரைப் பாடும் இலியட் காவியத்தில் முதல்முறை நாம் அவளைப் பார்க்கும்போதே தறியில்தான் நிற்கிறாள். ஊதா நிற இரட்டைத் துணியில், தனக்காக நடக்கும் போரையே நெய்கிறாள். டிராய் வீரன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமகி 22 ஆம் காண்டத்தில் பூ வேலை செய்துகொண்டிருக்கிறாள். கணவன் வந்ததும் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறாள், அவன் இறந்தது தெரியாது. மதிலிலிருந்து அழுகுரல் கேட்டதும் கையிலிருந்த நெசவுக்கோல் நழுவி விழுகிறது. வசனமே வேண்டாம், அப்படியே நடித்துவிடலாம். ‘போய் உன் தறியைப் பார், போர் ஆண்களின் வேலை’ என்று ஹெக்டர் அவளிடம் சொன்னதையே, ஏறத்தாழ அதே சொற்களில், டெலிமாக்கஸ் தாயிடம் சொல்கிறான். போர் என்ற இடத்தில் பேச்சு என்று மட்டும் மாற்றிக்கொள்கிறான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஃபிலோமிலாவின் கதையைப் பிள்ளைகளிடம் தராதே, அதில் கொடுமை அதிகம். அக்காள் கணவன் டீரியஸ் வன்புணர்ந்து நாக்கை அறுத்துவிட, நடந்ததைத் துணியில் நெய்து அக்காளுக்கு அனுப்புகிறாள். சோஃபகிளீஸ் இதை வைத்து எழுதிய நாடகம் முழுதாகக் கிடைக்கவில்லை. கிளைட்டம்னெஸ்ட்ரா, மெடியா, டெயனீரா ஆகியோரின் கையில் துணி கொல்லும் கருவியாகிறது. அவர்களையும் இப்போதைக்கு விட்டுவிடு.

தேவி வேண்டுமென்றால் அதீனாதான். கைவினைக்கு அதிபதி என்பதால் அவளுக்கு எர்கானி என்று பெயர். ஏதென்ஸில் அவளுக்கென்று நெய்த உடைக்கு, ஐப்பசி–கார்த்திகை ஒட்டி வரும் கல்கேயா விழாவில் பாவு பூட்டுவார்கள். ஏழு முதல் பதினொரு வயதுச் சிறுமிகள் அந்தத் தொடக்கத்தில் பங்கெடுப்பார்கள், பிறகு பெரிய பெண்கள் நெய்வார்கள். ஒன்பது மாதம் கழித்து, பனதெனேயா விழாவில் அம்மனுக்குச் சாத்துவார்கள். குங்குமப்பூ மஞ்சளும் ஊதாவுமான துணியில் தேவர்கள் அரக்கர்களை வெல்லும் காட்சி இருக்கும். ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது: பார்த்தனான் கோயிலில் இருந்த, பொன்னும் தந்தமும் கொண்ட அதீனா சிலைக்கு இந்த உடை என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏறக்குறைய 12 மீட்டர் உயரச் சிலை. உடை சாத்தியது பழைய, சிறிய ஆலிவ் மரச் சிலைக்கு.

அதீனாவோடு நெசவில் போட்டி போட்ட அராக்னியைச் சேர்த்தால் ‘கர்வம் கொண்டாள், சிலந்தி ஆனாள்’ என்று முடித்துவிடாதே. முழுக்கதை நமக்குக் கிடைப்பது ரோமக் கவிஞர் ஓவிட் வழியாகத்தான். அவர் சொல்வது வேறு. அதீனா தேவர்களின் பெருமையை நெய்கிறாள், நான்கு மூலையிலும் எதிர்த்தவர்கள் பட்ட பாட்டை வைக்கிறாள். சாயக்காரன் மகளான அராக்னியோ, தேவர்கள் காளையாகவும் அன்னமாகவும் வேடம் போட்டுப் பெண்களைக் கெடுத்ததை நெய்கிறாள். அந்தத் துணியில் பொறாமைகூட ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார் ஓவிட். அதன் பிறகுதான் தேவி துணியைக் கிழிக்கிறாள், அராக்னியின் நெற்றியில் அடிக்கிறாள். போட்டியில் யார் தோற்றார் என்று பிள்ளைகளையே வாக்களிக்கச் சொல்.

தறி நீளம், அகலம் தனித்தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேடைக்கு 80 கல் வேண்டாம், 24 போதும். களிமண்ணில் பிடித்து, ஈரமாக இருக்கும்போதே துளை போட்டு, நிழலில் காயவைக்கச் சொல். வெயிலில் வைத்தால் துளையைச் சுற்றி வெடிக்கும். நாடகப் பிரதி தயாரானதும் அனுப்பு, பணிப்பெண்கள் வரும் காட்சியை முதலில் படிக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுசீலா