குடிலுக்குள் டைனோசர்

வெள்ளவத்தை
மார்கழி 23

டேய் சிவா,

உன் வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். பனி கொட்டுகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை, உனக்கு முதுகு நோகிறது, சரி. நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். பரி இன்னும் கலியாணம் கட்டவில்லை, கேட்டால் முறைக்கிறான். இனி விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் கட்டின பாலன் குடிலுக்குள் ஒரு டைனோசர் புகுந்துவிட்டது, அதனால் அப்பம்மாவுக்கும் பேரனுக்கும் நேற்று வரை பேச்சுவார்த்தை இல்லை.

இந்த முறை குடிலைக் கடையில் வாங்குவதில்லை என்று நான்தான் தொடங்கினேன். புறக்கோட்டைக்குப் போனால் பிளாஸ்டிக் புல், பிளாஸ்டிக் கூரை, மினுங்கி மினுங்கி அணைகிற லைட் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டுத் தருகிறான். பிள்ளைகளுக்கு பிளக்கைக் குத்துவதைத் தவிர அதில் ஒரு வேலையும் இல்லை. குருநகரில் நாங்கள் கட்டினது உனக்கு மறந்திருக்காது. சீமெந்துப் பையைக் கசக்கி, கரியும் சாம்பலும் பூசி மலை செய்வோம், கடற்கரை மணல், சவரி அண்ணையின் கொட்டிலில் இருந்து உருவின கிடுகு, அப்புறம் அந்தச் சவுக்கங்கொப்பு. அதை வெட்டப் போய் நீ பிடிபட்ட கதையை இங்கே எழுதவில்லை, இதை உன் மனுசியும் வாசிப்பாள்.

ஐந்தாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? தும்புத்தூள் வாங்கி ஐஸ்கிரீம் பெட்டிகளில் நிரப்பி, பிள்ளைகளைக் கொண்டு குரக்கனும் பயறும் விதைத்தேன். சின்னவள் காலையும் மாலையும் போதாது என்று இரவிலும் எழும்பித் தண்ணீர் ஊற்றினாள். குரக்கன் பூஞ்சணம் பிடித்து நாறியது, பயறு மட்டும் பிடிவாதமாக வளர்ந்து இப்போது சூசையப்பரின் தலைக்கு மேலே நிற்கிறது. ஆடுகள் இருக்கின்றனவா என்று விலக்கிப் பார்க்க வேண்டும். என் மனுசி கூரையில் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்றாள். யாழ்ப்பாணத்துப் பயற்றங்காட்டில் எந்தப் பனி என்று நான் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் பெரியவன் தன் டைனோசரைக் கொண்டுவந்து மாட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அம்மா எடுத்துக் கீழே வைத்தார். அவன் திரும்ப வைத்தான். மறைக்கல்வி வகுப்பில் ரீச்சர் சொன்னாராம், 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரேச்சியோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவந்து கட்டினார் என்று. அப்படியென்றால் மிருகங்கள் வரலாம், டைனோசரும் மிருகம்தானே என்பது இவன் வாதம். இவனைச் சட்டம் படிக்க விட்டால் நான் கடைசிக் காலத்தில் நிம்மதியாக இருப்பேன் என்று நினைக்கிறேன். அம்மாவோ, பிரான்சிஸ் புனிதர், நீ இன்னும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் சிரிக்கத்தான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்தப் பழைய பாலன் சுரூபம் உனக்குத் தெரியும், இடது கையில் விரல் இல்லாதது. ஒவ்வொரு முறையும் 24ஆம் திகதி இரவுதான் அம்மா அதை வெளியே எடுப்பார். இந்த வருடம் துடைக்கவென்று முன்னமே எடுத்துவிட்டார். சின்னவள் பார்த்துவிட்டு, பாலனுக்கு ஏன் விரல் இல்லை என்றாள். விழுந்து உடைந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா தொடங்கிவிட்டார், மச்சான். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு, மழை, செம்மணி வீதி முழுக்கச் சனம், நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாமல் நின்றது, பால்மாப் பேணிக்குள் பாலனைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தது, யாரோ ஒருவரின் சைக்கிள் ஹாண்டில் இடித்துப் பேணி நசுங்கினது. சாவகச்சேரித் திண்ணையில் உன் அம்மா தன் பிள்ளையார் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இவருக்கும் இடம் இருக்கிறது என்று சொன்னது வரைக்கும் சொன்னார். நான் கூட இவ்வளவும் ஒன்றாகக் கேட்டதில்லை.

பெரியவனுக்கு ஒரே கேள்வி, அவ்வளவு சனமும் கக்கூசுக்கு எங்கே போனது என்று. நல்ல கேள்வி, எனக்கே இன்னும் விளங்கவில்லை. சின்னவள் கேட்டது வேறு: எங்களுக்கும் போக வேண்டி வருமா? மனுசி எழும்பிக் கேக் வேகிறதா பார்க்கப் போனாள். கேக் இறக்கி ஆறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். எந்த வயதில், எவ்வளவு சொல்வது? நானும் இவளும் இதைப் பற்றிப் பேசி ஒரு முடிவும் எடுத்ததில்லை, ஏதோ தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டிருந்தோம். ஆனால் தெரியாமலா இருக்கிறார்கள்? சின்னவள் 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பிறந்தவள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அன்று குண்டு வெடித்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் பெருநாள் பூசை என்றால் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போவது, அது அவளுக்குத் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடுவது மாதிரி. பொம்மைகளை வைத்துப் பூசை விளையாடும்போது முதலில் ஒவ்வொரு பொம்மையின் பையையும் சோதிக்கிறாள். நீ இதைக் கேட்டுச் சிரிப்பாயா, சிரிக்கமாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முதல் தடவை சிரித்தேன்.

சண்டையையும் அவள்தான் தீர்த்தாள். நேற்றுப் பின்னேரம் பார்த்தால் டைனோசர் குடிலுக்கு வெளியே, பயற்றங்கொடிக்கு முன்னால் நிற்கிறது. இது ஆமியாம். மூவிராசாக்கள் வரும்போது பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுமாம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, இதன் வாலைக் கொஞ்சம் திருப்பி வை, இடையனைத் தட்டுகிறது என்றார். அவ்வளவுதான், சமாதானம்.

இனி உன் கேள்வி. உன் பிள்ளைகள் கிறிஸ்மஸ் மரம் வேண்டும் என்று அழுகிறார்கள், வைக்கலாமா என்று என்னைக் கேட்கிறாய். கேக்குக்கு மட்டும் கத்தோலிக்கனாக இருந்தவன் நீ, இப்போது என்ன ஞானம்? வை. சிவன் ஒன்றும் கோபிக்கமாட்டார். ஆனால் ஒரு சங்கதி. எங்கள் கரோல் கூட்டம் இரவு பதினொரு மணிக்கு வந்து படுக்க, நாலு மணிக்கு நீங்கள் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாக வந்து ஊரை எழுப்புவீர்களே, சில வருடம் இரண்டும் ஒன்றாக வந்து விழுந்து ஊரே தூங்காமல் கிடக்குமே, அதை உன் பிள்ளைகளுக்குச் சொன்னாயா? அந்த இருட்டில், கரண்டே இல்லாத ஒழுங்கையில், சேமக்கலத்தை யார் அடிப்பது என்று நீயும் லோட்டனும் அடிபட்டது? ஸ்காபரோவில் விடிய நாலு மணிக்குச் சங்கு ஊதினால் பொலிஸ் வரும், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளே சாப்பாட்டுக் கோப்பையில் கரண்டியால் தட்டலாம் அல்லவா? பத்து நாளும் வேண்டாம், ஒரு நாள் எழுப்பிப் பார். ஏசுவார்கள். நாங்களும் ஏசினோம்தானே.

கேக் சுடுகிற வேலை நேற்றே முடிந்தது. ரவை, கஜு, பூசணித் தோசி, பழங்களை ஊறவைத்த பிராந்தியின் மீதியை நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. இன்றைக்குத் துண்டு வெட்டிப் பேப்பரில் சுற்றுகிற வேலை. நாளைப் பின்னேரம் பிள்ளைகள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போவார்கள், கீழ் வீட்டுச் சிங்கள அன்ரிக்கு, மூன்றாம் மாடி முஸ்லிம் வீட்டுக்கு (அவர்களுக்குப் பிராந்தி போடாமல் தனியாகச் செய்தது, இவள் அதில் மகா கண்டிப்பு), உன் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்கும்தான். தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. போன முறை அக்கா சீனி போட்டுத் தந்தார், அதை லிப்டுக்குள் இருவரும் நக்கித் தீர்த்துவிட்டார்கள்.

உன் சித்தப்பா தை மாதம் கனடா திரும்புகிறார் என்றாயே, அவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறேன். பாதியை அவர் பிளேனிலேயே முடித்துவிடுவார், அதனால் இரண்டு பெட்டியாகவே கட்டுகிறேன். அவருடைய போன் நம்பரை உடனே அனுப்பு, போன தடவை மாதிரி அவர் ஏறினபிறகு அனுப்பாதே.

ஜெயன்