பொருள்: முதல் மழையிலேயே ஒழுகிய குடும்பக் கூடாரம், உங்கள் உதவி மையத்தின் ஆபத்தான பதில், முழுப் பணத்தையும் திரும்பக் கோருதல்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், புகார் எண் கேட்கிறார், நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறேன், "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று வைத்துவிடுகிறார். அந்த மேலிடம் யார் என்று எவரும் சொல்லவில்லை. அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்களுடைய ஆறு பேர் கூடாரம்தான், நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறையாக வருவது. மற்ற விவரமெல்லாம் உங்கள் பதிவிலேயே இருக்கும். குழந்தைகளோடு காட்டில் அதில் தங்கிய இரவு, மழை பிடித்த கொஞ்ச நேரத்தில் மேல்விரிப்பின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், தையலின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய டேப் பாம்புச் சட்டை போல உரிந்து தொங்குகிறது. பெட்டியில் 3000 மி.மீ. என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். துணியின் மேல் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்பதுதானே அதன் பொருள்? அது துணிக்குச் சரி. ஊசி குத்திய துளைகளை டேப்தான் அடைக்க வேண்டும். டேப் உரிந்த பிறகு அந்த 3000-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இதற்கு உங்கள் ஆள் ஒருவர் சொன்ன விளக்கம்: "அது ஒழுகல் இல்லை, நீங்கள் விட்ட மூச்சுதான் குளிர்ந்து தண்ணீராகியிருக்கிறது." கூடாரம் விற்கும் நிறுவனத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும்? மூச்சின் ஈரம் விரிப்பின் உட்புறம் முழுவதும் பொடித் துளிகளாகப் படியும். எங்களுக்கு ஒரே தையல் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விழுந்து, சின்னவளின் ஸ்லீப்பிங் பேக்கை ஊறவைத்தது. காற்றுத் திறப்புகளை நாங்கள் மூடவே இல்லை.

அப்புறம், அந்த இரவு. இதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. குழந்தைகள் நடுங்குகிறார்கள், டேப்பை எதையாவது வைத்து ஒட்ட வழியிருக்கிறதா என்று உங்கள் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர், "கேஸ் அடுப்பு வைத்திருப்பீர்களே, உள்ளேயே கொஞ்ச நேரம் பற்றவையுங்கள், எல்லாம் காய்ந்துவிடும்" என்றார். கூடாரத்துக்குள் அடுப்பு! அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். திறப்புகளைத் திறந்து வைத்தாலும் அதை நம்ப முடியாது. உங்கள் கூடாரத்தின் உள்ளே தைத்திருக்கும் எச்சரிக்கைத் துணியிலேயே நெருப்பு கூடாது என்று எழுதியிருக்கிறது. அதை அவருக்கு வாசித்தே காட்டினேன். "அப்படியென்றால் இவ்வளவு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் உங்களைக் காட்டுக்குப் போகச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் என் பிள்ளைகளை விடச் சின்னக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குழந்தைகளின் உடல் பெரியவர்களை விட வேகமாகச் சூட்டை இழந்துவிடும். நனைந்த ஸ்லீப்பிங் பேக்கில் கதகதப்பு நிற்காது. மூன்று வயதுக் குழந்தைக்குக் குளிர்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, சத்தமில்லாமல் சுருண்டு கிடந்தாள். துணி மாற்றி, தலைக்குக் குல்லா போட்டு, இரண்டு பேரையும் காருக்குத் தூக்கிப் போய் விடியும் வரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தோம். பெரியவன் இப்போதும் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். இனி ஆயுசுக்கும் எங்கள் வீட்டில் யாரும் கூடாரம் என்ற பேச்சை எடுக்கப் போவதில்லை. நீங்கள் கெடுத்தது ஒரு இரவை அல்ல, எங்கள் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தையே.

சேவை மையத்துக்குப் போனால், ஈரமாக இருக்கிறது, வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், அது நியாயம்தான். ஆனால் வரச் சொன்னவர் அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே? மொட்டை மாடியில் காயவைத்துக் கொண்டுபோனால், "எங்கே ஒழுகுகிறது, காய்ந்துதானே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். தொங்கும் டேப்பைக் கண்முன்னே காட்டியும் ஒரு மூலையைக்கூட முழுதாக விரித்துப் பார்க்கவில்லை. இதற்கிடையில், மாற்றுக் கூடாரம் என்று நீங்கள் அனுப்பிய பொட்டலத்தில் கம்புகளும் முளைகளும்தான் இருந்தன. கூடாரத்தைக் காணவில்லை.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. தயவுசெய்து முழுப் பணத்தையும், பயணத்துக்கு ஆன செலவையும் திருப்பித் தாருங்கள். எழுத்தில் மன்னிப்பும் வேண்டும். அதைவிட அவசரம், அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லும் ஆட்களை இரவு நேரத்தில் போனெடுக்க வைக்காதீர்கள். இன்னொரு வீட்டில் அதைக் கேட்டு நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது? அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே அறிவிக்கிறீர்கள். அந்த இரவின் பதிவை எடுத்துக் கேளுங்கள், அழித்துவிடாதீர்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் முதலில் அதைத்தான் கேட்பேன்.

படங்களை இணைத்திருக்கிறேன். கூடாரம் காய்ந்து, மடித்து, வீட்டில் இருக்கிறது. எடுத்துப் போக ஆளை அனுப்புங்கள். இனி அதைத் தூக்கிக்கொண்டு நான் உங்கள் மையத்துக்கு வருவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்