மேட்டை உயர்த்துவதற்கு முன் மூட்டையைப் பிரியுங்கள்

பினாங்குச் சட்டமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்கள் 40 பேருக்கும்,

வணக்கம்.

நான் நிபோங் திபாலில் மின்சாமான் கடை வைத்திருப்பவன். கடையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் நாட்களில் வயரிங் வேலைக்கும் போவேன். பூலாவ் பூரோங் குப்பைமேடு எங்களுக்கு மேற்கே, கடலோரச் சதுப்பில் இருக்கிறது. மலாய் மொழியில் பறவைத் தீவு என்று பொருள் வரும்படி அந்த இடத்துக்கு யாரோ அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களில் பலர் அதைக் கோப்புகளில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது காற்றிலேயே தெரியும். சில மாலைகளில் கடல்காற்று திரும்பியவுடன், கொடியில் காயும் துணியை என் மனைவி ஈரத்தோடு உள்ளே எடுத்துவிடுவாள். மழைக்கு எடுப்பதைவிட வேகமாக எடுப்பாள்.

இடம் நிறைந்துவிட்டது, இன்னும் இடம் வேண்டும், மேட்டைப் பெரிதாக்கத்தான் வேண்டும் என்ற பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. அந்தப் பேச்சு உங்கள் முன் வரும் நாளில் நீங்கள் அதை மறுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். எங்கள் ஊரில் வேண்டாம், வேறு யாராவது சுமக்கட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. குப்பையைப் போட ஓர் இடம் வேண்டும் என்பதை மறுக்கிற அளவுக்கு நான் விவரம் தெரியாதவன் அல்லன். பினாங்குத் தீவின் வீட்டுக் குப்பை பத்து மாவுங் என்ற ஊரில் உள்ள, குப்பையை மாற்றி ஏற்றும் நிலையம் வழியாகவும், பெருநிலத்துக் குப்பை அம்பாங் ஜாஜார் வழியாகவும் வந்து சேருவது பூலாவ் பூரோங்கிற்குத்தான். இரண்டு கரைகளின் குப்பையையும் ஒரே ஊர் ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது. இனியும் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் முன், அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள் என்கிறேன்.

என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். குழல்விளக்கு ஒன்று எரிந்துபோகிறது. அது பிறை என்ற ஊரில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கூரையில் இருந்த விளக்கு என்றால், 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி அது நச்சுக் கழிவு. பாதரசம் உள்ள கழிவு, எண் எஸ்.டபிள்யூ. 109. அதற்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும், தனியே அடுக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இப்படி 77 வகைக் கழிவுகள் அந்த அட்டவணையில் இருக்கின்றன. அவற்றுக்கென்று நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாஸில் 1998 முதல் தனி மையமே இயங்கி வருகிறது.

அதே விளக்கு என் வாடிக்கையாளர் ஒருவரின் சமையலறையில் எரிந்துபோனால்? பழைய நாளிதழில் சுற்றி, மீன் செதிலோடும் சோற்றோடும் ஒரே பையில் கட்டி, வாசலில் வைத்துவிடுகிறார்கள். அதே கண்ணாடி, அதே பாதரசம். தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது நஞ்சாக இருப்பது, வீட்டு வாசலைத் தாண்டும்போது வெறும் குப்பையாகிவிடுகிறது. லாரியின் அழுத்தும் தகடு இறங்கும்போது அது உடைகிறது. அந்த லாரியின் பின்படியில் தொற்றிக்கொண்டு வரும் மனிதர் அதன் பொடியை மூச்சில் இழுக்கிறார்.

விளக்கோடு முடிகிற கதையும் இல்லை. ரிமோட் பேட்டரி, பழைய கைப்பேசி, பாதி பெயிண்ட் உள்ள டின், கரப்பான் மருந்து, செடிக்கு அடித்த மருந்தின் மிச்சம் எல்லாம் சேர்கின்றன. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் என் கடையில் வியாபாரம் அதிகம். வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்கிறோம், சுவருக்குப் புதுப் பூச்சு, வாசலுக்குப் புது விளக்குச் சரம். பழைய சரம், பழைய பேட்டரி, காய்ந்த பெயிண்ட் டின் எல்லாம் அந்த வாரம் வாசலில் குவியும். மற்றவர்களின் பெருநாட்களிலும் இதே கதைதான். முப்பது ஆண்டுகளாக நானும் அப்படித்தான் தூக்கிப் போட்டேன். கடைக்குப் பின்னால் நின்று, உடைந்த குழல்விளக்குகளைப் பெருக்கி அள்ளி, கையாலேயே மூட்டை கட்டியிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் மனம் பதறுகிறது.

சட்டத்தின் கண்ணில் பூலாவ் பூரோங் ஒரு சாதாரணக் குப்பைமேடு. உள்ளே போவதைப் பார்த்தால் அது கணக்கில் வராத நச்சுக் கழிவு மேடு. ஒரு வீட்டின் பேட்டரி சிறிதுதான். ஒரு மாநிலத்தின் வீடுகள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஒரே குழியில் போட்டால் அது சிறிதல்ல.

குழியின் அடியில் விரிப்பு இருக்கும், கசிவுநீரைச் சுத்தம் செய்யும் குளங்கள் இருக்கும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். இருக்க வேண்டியவைதான். ஆனால் மழை இறங்குகிற ஒவ்வொரு முறையும் அது குப்பைக்குள் ஊறி, ஈயத்தையும் காட்மியத்தையும் பாதரசத்தையும் கரைத்துக்கொண்டு கறுத்த சாறாகக் கீழே வருகிறது. விரிப்புக்கு ஆயுள் உண்டு, ஈயத்துக்கு இல்லை. குழியை மூடிப் புல் நட்ட பிறகும் அந்தச் சாறு பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருக்கும். மேட்டைச் சுற்றி இருப்பதோ சதுப்பு. கண்டல் காட்டுச் சேற்றில் காற்றுப் புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீன் உடலில் தங்கும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது கூடிக்கொண்டே போகும். கடைசியில் அது சேருவது நம் தட்டில்தான்.

2022 ஜனவரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூலாவ் பூரோங் எரிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அன்று, வாரக்கணக்கில். குப்பைத் தீ மற்றத் தீயைப் போல அன்று. மேலே அணைந்தாற்போல் இருக்கும், அடியில் மீத்தேனைக் குடித்துக்கொண்டு கனலும், நான்கடி தள்ளி மறுபடி கிளம்பும். அருகில் இருந்த பள்ளிகளை மூடினார்கள். எங்கள் வீட்டில் ஈரத் துண்டைக் கதவிடுக்கில் செருகி வைத்திருந்தோம். இரவில் அது காய்ந்துவிடும், எழுந்து மறுபடி நனைக்க வேண்டும். விடிந்து பார்த்தால் துண்டின் வெளிப்பக்கம் பழுப்பாக இருக்கும். என் பேத்திக்கு அப்போது மூன்று வயது. அவளை ஈப்போவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அனுப்ப உறவு இல்லாதவர்கள் பிள்ளைகளோடு அங்கேயேதான் இருந்தார்கள். அந்தப் புகையில் எரிந்தது வெறும் காகிதமும் தேங்காய் மட்டையும் அல்ல என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டு ஜூனில் ஜெலுத்தோங் குப்பைமேடும் எரிந்தபோது தீவில் இருப்பவர்களும் அதை உணர்ந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குப் புல்லுக்குள் இறங்குவார். அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. மூக்கில் இரத்தம் வரும், துடைத்துக்கொண்டு அடுத்த நிரைக்குப் போவார். அவருடைய நகங்கள் நிறம் மாறி, ஒவ்வொன்றாகக் கழன்றன. சோற்றைப் பிசையும்போது விரல் எரியாமல் இருக்கக் கரண்டியால் சாப்பிடுவார். மருந்து வந்த டின்னைக் கழுவி, அதிலேதான் நாங்கள் தண்ணீர் பிடித்து வைத்தோம். அது நஞ்சு என்று டின்னில் எழுதியிருந்தது. ஆங்கிலத்திலும் மலாய் மொழியிலும் எழுதியிருந்தது. அம்மாவுக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது. அந்த மருந்தை 2002-இல் தடை செய்தார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதிதான் ஒரேயடியாகத் தடை வந்தது. அதைப் பார்க்க அம்மா இல்லை. தோட்டத்தில் இருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, மலிவான வீடு எங்கே கிடைத்ததோ அங்கே குடியேறின. குப்பைமேட்டுக் காற்று வரும் தாமான் குடியிருப்புகளில்தான் வீடு மலிவு. நஞ்சு எங்களைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது என்று எங்கள் கோயில் திண்ணையில் பேசுகிறார்கள் என்றால், அது புலம்பல் இல்லை, அனுபவம்.

அதனால்தான் கேட்கிறேன். விரிவாக்கம் என்று ஒரு திட்டம் வந்தால், அதன் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை எங்கேயோ ஒரு மேசையில், தடித்த புத்தகமாக, எங்கள் மக்களில் பாதிப் பேருக்கு விளங்காத மொழியில் வைத்துவிட்டு, கருத்துக் கேட்டாயிற்று என்று எழுதிவிடாதீர்கள். கசிவுநீரிலும் சுற்றியுள்ள நிலத்தடி நீரிலும் எவ்வளவு ஈயம், எவ்வளவு காட்மியம், எவ்வளவு பாதரசம் என்ற கணக்கை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதி, பள்ளிவாசலிலும் கோயிலிலும் சமூக மண்டபத்திலும் ஒட்டுங்கள். மாதாமாதம் ஒட்டுங்கள். கூட்டம் வைத்தால் இரவில் வையுங்கள், எங்கள் ஊரில் வையுங்கள். பகல் பத்து மணிக் கூட்டத்துக்கு, பத்து கவான் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள் வர முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், நஞ்சை மூட்டையில் இருந்து பிரியுங்கள். இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2016 ஜூனில் நம் மாநிலம் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. காகிதத்தையும் போத்தலையும் தனியே வைக்கப் பழகிய கை, பேட்டரியையும் விளக்கையும் தனியே வைக்காதா? இலவச நெகிழிப் பைக்கு 2009-இலேயே தடை போடத் தொடங்கியவர்கள் நாம். மாதம் ஒரு நாள், ஒவ்வொரு தாமானுக்கும் கம்பத்துக் கிராமத்துக்கும் ஒரு வண்டி வரட்டும். அது எடுத்துப் போவது தொழிற்சாலைக் கழிவு போகிற அதே பாதையில் போகட்டும். செலவு ஆகும்தான். அந்தச் செலவை இன்று யாரும் கொடுக்காமல் இல்லை, பூலாவ் பூரோங்கைச் சுற்றி இருப்பவர்களின் நுரையீரலில் இருந்து போய்க்கொண்டிருக்கிறது. அந்த வண்டி ஓடி, குழிக்குள் போகும் நஞ்சு குறைந்தது என்று அந்த மாதக் கணக்கில் நாங்கள் பார்க்கும் வரை, ஓர் அடி நிலம்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற ஆண்டு என் கடையில் இரண்டு பெட்டிகள் வைத்தேன், ஒன்று விளக்குக்கு, ஒன்று பேட்டரிக்கு. வாடிக்கையாளர்கள் தயங்கவே இல்லை. மலாய்க்காரப் பாட்டி ஒருவர் பிஸ்கட் டின் நிறையப் பேட்டரி கொண்டுவந்து தந்தார், எங்கே போடுவது என்று தெரியாமல் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தாராம். சீனக் கடைக்காரர் தன் கடை விளக்குகளை அட்டையில் கட்டி அனுப்பினார். பெட்டிகள் நிறைந்ததும் ஓர் அலுவலகத்தின் முகப்பில் போய், எங்கே ஒப்படைப்பது என்று கேட்டேன். அந்தப் பெண்பிள்ளை அன்பாகத்தான் பேசினாள். உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, "செய்தித்தாளில் நன்றாகச் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள், அங்கிள்" என்றாள்.

நான் போடவில்லை. பெட்டிகள் இப்போது நான்காகிவிட்டன. கடையின் பின்புறம், மழை படாத இடத்தில், ஓரங்களில் டேப் ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உங்களில் ஒருவராவது எனக்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நிபோங் திபால் மின்சாமான் கடைக்காரன்