செல்விக்கு ஒரு நெட்வொர்க் கடிதம்

அன்புள்ள செல்வி,

நீ போட்ட கடிதத்துக்குப் பதிலே காணோம் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

விஷயம் என்னவென்றால், நான் நெட்வொர்க் படிக்கிறேன், அதாவது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற படிப்பு. சிரிக்காதே. நமக்குக் கரண்ட் பாடம் எடுத்த சார் கேள்விப்பட்டால் மயங்கியே விழுவார். நான் வேலை பார்க்கிற கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர்கள் நின்றுபோனால் ஒரு சர்வீஸ்காரர் வருவார், எதையாவது பிடுங்கிச் சொருகுவார், ஐந்நூறு வாங்குவார். என்ன ஆச்சு தம்பி என்று கேட்டால், "அது உங்களுக்குப் புரியாதுக்கா." அந்த ஒரு சொல்தான், மகளின் பாலிடெக்னிக் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இரண்டு முகவரி உண்டாம். ஐபி நாம் கொடுப்பது, மாற்றலாம். மேக் அட்ரஸ் நெட்வொர்க் கார்டிலேயே கம்பெனி பதித்து அனுப்புவது, 48 பிட். பில் கவுன்டர், கணக்கெல்லாம் வைத்திருக்கிற சர்வர் கம்ப்யூட்டரிடம் பேச வேண்டுமென்றால் முதலில், "192.168.1.20 யாரு?" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கும். அந்த எண்ணுக்கு உரியது மட்டும் தன் மேக் அட்ரஸைச் சொல்லும். எல்லா கேபிளும் வந்து சேர்கிற பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர், கேபிள் செருகுகிற ஓட்டைக்கு போர்ட். எந்த மேக் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று சுவிட்ச் குறித்துவைத்துக்கொண்டு, அப்புறம் அங்கே மட்டும் அனுப்பும். பொதுக்கேள்வி வந்தால் மட்டும், வந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். வினையே அதில்தான்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் எப்படி இருக்கும், உனக்குச் சொல்லவா வேண்டும்! சாயங்காலம் நல்ல கூட்டத்தில் எல்லா கவுன்டரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. முதலாளி கத்துகிறார், சர்வீஸ்காரர் போனை எடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். சுவிட்சில் அத்தனை பச்சை விளக்கும் ஒன்றாக, வெறி பிடித்த மாதிரி துடிக்கிறது. ஒரு சாம்பல் கேபிளை விரலால் பிடித்துக்கொண்டே போனால், அதன் இரண்டு முனையும் அதே பெட்டியில்! கூட்டுகிற பையன் முத்து, தொங்கிய முனையைக் காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறான். சுத்தமாக இருக்கட்டுமே என்று.

அதற்குப் பெயர் லூப். ஒரு ஓட்டை வழியாக வெளியே போன பொதுக்கேள்வி இன்னொன்று வழியாக உள்ளே வரும், திரும்ப எல்லாப் பக்கமும் போகும். ஐபி முகவரி போட்டுப் போகிற தகவல் பொட்டலத்திலாவது (ஐபி பாக்கெட்) டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவைக்கிற ஒவ்வொரு ரூட்டரும் ஒன்று குறைக்கும், பூஜ்யமானால் தூக்கிப் போட்டுவிடும். மேக் அட்ரஸ் போட்டு கேபிளில் போகிற ஈதர்நெட் ஃபிரேம் என்ற பொட்டலத்தில் அது கிடையாது. மாசி வீதியைச் சுற்றிக்கொண்டே இருந்து நிலைக்கே வராத தேர் மாதிரிதான். அந்த நெரிசலில் பில் எங்கே போகும்? ஒரு முனையைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் பிரின்டர் கரகரவென்று ஓடியது.

ரொம்பப் பெருமையடித்துக்கொள்கிறேன், தெரிகிறது. ஆனால் அன்று ராத்திரி முதலாளி முத்துவின் கூலியில் பிடிப்பேன் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பா இல்லாத பையன், தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறாள். எதை எங்கே செருக வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? "இந்தச் சிக்கலுக்கு ரேடியா பெர்ல்மன் என்ற அம்மா 1985லேயே வழி கண்டுபிடித்துவிட்டார், ஸ்பானிங் ட்ரீ என்று பெயர், சுற்று விழுந்தால் சுவிட்சே ஒரு பாதையை அடைத்துவிடும், நீங்கள் மலிவாக வாங்கிய பெட்டியில் அது இல்லை" என்று ஒரே மூச்சில் சொன்னேன். முறைத்தார். கூலி பிடிக்கவில்லை.

இப்போது முத்துவே கேபிளுக்கெல்லாம் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறான். சரி, உன் மகனிடம் கேட்டு எழுது: ஸ்பானிங் ட்ரீ உள்ள 24 போர்ட் சுவிட்ச் கோயம்புத்தூரில் என்ன விலைக்குக் கிடைக்கும்? பழையது என்றாலும் பரவாயில்லை, ஆனால் பில் வேண்டும். பில் இல்லாமல் எங்கள் முதலாளியிடம் பைசா பேராது.

அன்புடன்,
மீனா