அழும் பிள்ளையைத் தூக்கலாமா?

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள வசந்தி,

மகளுக்குப் பிள்ளை பிறந்த அலுவல்களில் உனக்கு எழுத இவ்வளவு காலம் பிந்திவிட்டது. துடக்கும் கழிந்தது, தாயும் சேயும் நலம். அண்ணாவின் முழங்கால் எப்படி? பொன்னம்மா ரீச்சரைக் கண்டால் நான் அம்மம்மா ஆகிவிட்டேன் என்று சொல். நம்பமாட்டா.

வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. அழுதவுடன் தூக்கினால் பிள்ளை கைக்குப் பழகிவிடும் என்கிறாள் மகள். அவள் வாசித்த ஆலோசனை நூல் அப்படிச் சொல்கிறதாம். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்தவற்றை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பிள்ளையை அணைக்கவோ முத்தமிடவோ வேண்டாம், மடியில் இருத்தவும் வேண்டாம், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜோன் வாட்சன் 1928இல் தாய்மாருக்கு எழுதினார். 1946இல் மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக், உங்கள் மனத்தை நம்புங்கள் என்றார். முன்னவர் சொற்கேட்டு மகளை மடியில் வைக்காத தாய், அதே மகள் பின்னவரைப் படித்துத் தன் பிள்ளையை அள்ளி அணைத்ததைக் கண்டு என்ன பாடுபட்டிருப்பாள்!

ஐரோப்பாவின் இடைக்காலத்தில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே இருக்கவில்லை என்று 1960இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் வாதிட்டார். அக்கால ஓவியங்களில் சிறுவர் சிறிய உருவில் வளர்ந்தவர்களாகவே காணப்படுவது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. ஆனால் 1500 முதல் 1900 வரையான நாட்குறிப்புகளை ஆராய்ந்த லிண்டா பொலொக், பெற்றோரின் பாசமும் பிள்ளையை இழந்த துயரமும் அவற்றில் நிறைந்திருப்பதை 1983இல் எடுத்துக்காட்டினார். நான் பொலொக்கின் பக்கம். நெய்ச்சோற்றை மேலெல்லாம் சிதறும் குழந்தையைப் புறநானூற்றில் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பியை அறிந்த நமக்கு இதில் ஐயம் எப்படி வரும்?

ஆயினும் அதே புறநானூற்றில், பெற்று வளர்ப்பது தாயின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன், யானையை வீழ்த்தி மீள்வது மகனின் கடன் என்று இன்னொரு பாட்டு அடுக்கிக்கொண்டு போகிறது. பாசம் எக்காலத்திலும் இருந்தது, வசந்தி. பிள்ளையின் காலத்தை யார் எதற்காக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் மாறிவந்தது. போர்க்களம் எடுத்தது, வயல் எடுத்தது, அடுப்படி எடுத்தது. அக்காலக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலங்கையில் வந்த இலவசக் கல்வி அதைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தது என்றே நான் நம்பியிருந்தேன்.

இப்போது எங்கள் மாடிக்குடியிருப்பில், நல்ல பாடசாலையில் இடம் பெறுவதற்கான ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு சிறுவன், பாடசாலை விட்டதும் வகுப்புக்கும் அங்கிருந்து இன்னொரு வகுப்புக்கும் போய், இரவில் படியேறி வருகிறான். ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று கூறும் 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அவனுடைய தாயைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நல்ல பாடசாலைகளில் இடம் குறைவாக இருக்கும்வரை அவள் வேறென்ன செய்வாள்? என் பேரனுக்கும் இதுதானா என்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

இரு ஆண்மக்களை வளர்த்தவள் நீ. தூக்கும்படி மகளுக்கு ஒரு வரி எழுது. உன் சொல்லை அவள் தட்டமாட்டாள்.

அன்புடன்,
மாலதி