சீப்பு எங்களிடம் இருக்கிறது

தரங்கம்பாடி கடற்கரையில் கருவாடு விற்கும் அக்காவுக்கும், அன்றைக்கு எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது கையில் மாவுக்கட்டு, நெற்றியில் நாலு தையல், மற்றபடி வாய் பழையபடி வேலை செய்கிறது. நேற்று ரசத்தில் உப்பு போதவில்லை என்று என்னிடம் சண்டை போட்டாள். அந்தச் சண்டைக்கு அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது.

நடந்ததை இன்னொரு தடவை எழுதத் தெம்பில்லை. அந்தப் பாறைகள், படத்துக்கு நின்ற அம்மாவைத் தள்ளிவிட்ட அந்த அலை, அதற்குப் பிறகான சத்தம் எல்லாம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு ஃபோனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இன்னும் ரெண்டடி பின்னால போம்மா, கடல் நல்லா விழட்டும்" என்று சொன்னது நான்தான். கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஏன் தரங்கம்பாடி என்று நிறையப் பேர் கேட்டீர்கள், சிலர் கொஞ்சம் கோபமாகவே. எட்டு கிலோமீட்டர் முன்னாலேயே திருக்கடையூர் இருக்கிறதே, அபிராமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாமே என்று. அப்பாவுக்கு அறுபது முடிந்தபோது அங்கேதான் மணிவிழா செய்தோம். மாலையும் கழுத்துமாக அம்மா வெட்கப்பட்ட படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. அப்பா இருந்திருந்தால் எழுபதுக்குப் பீமரத சாந்தியும் அங்கேயே நடந்திருக்கும். ஆனால் இந்த அறுபது, எழுபது, எண்பது எல்லாமே கணவனின் வயதை வைத்து வரும் கணக்கு. மனைவிக்கு எழுபது ஆவதற்கென்று ஒரு சடங்கும் இல்லை. அவர் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். மாயவரத்தில் இருந்து போகும்போது எங்கள் பஸ் திருக்கடையூரில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பட்டுப்புடவையும் மாலையுமாக ஜோடி ஜோடியாகப் போனார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முறுக்கு வாங்கினியே, எடு" என்றாள். அவ்வளவுதான்.

கடலைக் கேட்டவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை மாயவரத்தில் இருந்து ரயிலில் தரங்கம்பாடிக்கு வந்திருக்கிறாளாம். அந்த மீட்டர் கேஜ் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. "கடல் இருக்கும்ல?" என்றாள். இருந்தது.

காலை முழுவதும் நன்றாகத்தான் போயிற்று. முப்பது வருடம் தமிழ் நடத்தியவளோடு ஊர் சுற்றினால் சும்மா சுற்ற முடியாது. 1620ல் கட்டிய டேனிஷ் கோட்டையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ராஜ வீதியில் சீகன்பால்கு சிலைக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றாள். 1706ல் வந்து இறங்கிய அந்த ஜெர்மன் பாதிரியார் தமிழைக் கற்றுக்கொண்டு, 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இங்கேயே அச்சிட்டு முடித்த கதையை என்னிடம் சொன்னாள். அப்புறம், கேட்காமலே பக்கத்தில் ஐஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பையன்களுக்கும் சொன்னாள். மத்தியானம் கோட்டைக்கு வெளியே உங்கள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள், அக்கா. நெத்திலிக் கருவாட்டுக்கு அவள் பேசிய பேரம் எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில், "இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள், முப்பது ரூபா குறைச்சுக்கோ" என்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டே குறைத்தீர்கள்.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் கதவை மூடப் போன நேரத்தில் அதே கை கதவைப் பிடித்தது. "தள்ளு தங்கச்சி, நானும் வரேன்" என்று கூடையோடு ஏறிவிட்டீர்கள். யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. என் கை நடுங்கியதைப் பார்த்துத்தான் ஏறினீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எதுவும் நினைக்கவில்லை. வண்டி முழுக்கக் கருவாட்டு வாடை. அந்த வாடைதான் வழியெல்லாம் என்னை நிதானத்தில் வைத்திருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். தலையில் அடிபட்டவர்களிடம் பேர், கிழமை, ஊர் கேட்பார்கள் இல்லையா? நர்ஸ் தங்கச்சி குனிந்து, "பாட்டி, எந்த ஊர்ல விழுந்தீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றது. அம்மா கண்ணைத் திறக்காமலே, "சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்" என்றாள். அந்தப் பெண் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட ஓடியது. அம்மா விழுந்த இடத்துக்கு எதிரேதான் மாசிலாமணிநாதர் கோயில். 1306ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. அந்தக் கோயில் கல்வெட்டில் ஊருக்கு இருக்கும் பேர் அது. "சரியாத்தான் சொல்றாங்க" என்று நான் டாக்டரிடம் விளக்கி முடிப்பதற்குள் எனக்கும் ஒரு டெஸ்ட் வைத்துவிடுவார் போலிருந்தது. அந்த நர்ஸுக்கும், சிரிக்காமல் கேட்டுக்கொண்ட டாக்டருக்கும் நன்றி.

எக்ஸ்ரே எடுத்தார்கள், தையல் போட்டார்கள். கட்டுப் போட ஆள் வர வேண்டும் என்று எங்களை ஒரு கட்டிலில் உட்கார வைத்தார்கள். "கூடையை வெளிய வைம்மா, நாறுது" என்று யாரோ சொன்னார். ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுபோய் வராந்தாவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தீர்கள். சும்மாட்டுத் துணி மட்டும் உங்கள் தோளில் கிடந்தது.

அம்மாவின் தலை முழுக்க மணல். உப்புத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, முடியெல்லாம் திரிதிரியாக ஒட்டிக்கிடந்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. நான் ரிப்போர்ட்டையும் ஃபோனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சும்மாட்டை உதறிப் பிரித்து அம்மாவின் தோளைச் சுற்றிப் போட்டீர்கள். இடுப்புச் சுருக்குப்பையில் இருந்து ஒரு சீப்பை எடுத்தீர்கள். நீலக் கலர் பிளாஸ்டிக் சீப்பு, நடுவில் இரண்டு பல் இல்லை.

"இப்ப எடுக்கலைன்னா உள்ளேயே உக்காந்துக்கும், தங்கச்சி" என்றீர்கள். "சுனாமி அன்னைக்கு எங்க தலையில ஏறின மண்ணு பொங்கல் வரைக்கும் உதிர்ந்துச்சு."

அதற்கு மேல் அதைப் பற்றி நீங்கள் பேசவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. 2004 டிசம்பர் 26 உங்கள் ஊரை என்ன செய்தது என்று எல்லோரையும் போல எனக்கும் தெரியும். அன்றைக்கு உங்கள் தலையை யார் வாரிவிட்டார்கள் என்பது தெரியாது.

வாரியது எப்படி என்று எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தையல் இழுக்கக்கூடாது என்று ஒரு கையால் முடியை வேரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நுனியில் இருந்து தொடங்கினீர்கள். ஒரு விரல் நீளம் சிக்கு விட்டதும் இன்னொரு விரல் நீளம் மேலே. சீப்பு மேலே ஏற ஏற, மணல் சும்மாட்டில் பொலபொலவென்று கொட்டியது. நடுநடுவே சீப்பைக் கட்டில் கம்பியில் தட்டினீர்கள். டக், டக் என்று அந்தச் சத்தத்துக்கு அம்மாவின் கண் சொக்கியது. முக்கால் மணி நேரம் இருக்கும். ஒரு சிப்பித் துண்டு கிடைத்தது, அதை அம்மாவின் நல்ல கையில் வைத்தீர்கள். "கடல் குடுத்த பொறந்தநாள் காசு." அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

பின்னலை முடித்து, முனைக்கு ரப்பர் பேண்ட் தேடினோம். கிடைக்கவில்லை. அப்போதுதான் உங்கள் தலையில் இருந்த முல்லையும் கனகாம்பரமுமான சரத்தில் பாதியைப் பல்லால் கடித்து அறுத்து, அம்மாவின் பின்னலில் சுற்றிவிட்டீர்கள். நான் எழுந்தே விட்டேன். அப்பா போய் எட்டு வருடத்தில் அவள் தலையில் பூ ஏறியதில்லை. பேத்தி வைக்கப் போனபோதுகூடக் கையைத் தட்டிவிட்டவள். இப்போது அவளுடைய வலது கை மெல்லப் பின்னால் போய்ப் பூவைத் தொட்டது. தொட்ட கை அப்படியே மடிக்குத் திரும்பி வந்துவிட்டது.

நெற்றியில் கட்டு இருந்ததால் உங்களுக்குத் தெரியாமல் போயிற்றா, தெரிந்தேதான் வைத்தீர்களா, அக்கா? அம்மாவிடம் கேட்டேன். "அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது" என்றாள். மறுநாள் காலையில் பூ வாடிக்கிடந்தது. "எடுத்துடட்டுமா?" என்றேன். "கிடக்கட்டும், தானா உதிரும்" என்றாள்.

கட்டுப் போட ஆள் வந்ததும், கடைசி பஸ் போய்விடும் என்று நீங்கள் கிளம்பினீர்கள். நான் நீட்டிய பணத்தை, "பொறந்தநாள் அன்னைக்குப் போய் யாராச்சும் காசு வாங்குவாங்களா" என்று என் கையிலேயே மடக்கிவிட்டீர்கள். உங்கள் பேரைக் கேட்க வேண்டும் என்று வராந்தாவுக்கு ஓடி வந்தபோது கூடையும் இல்லை, நீங்களும் இல்லை. கட்டிலில் சீப்பு மட்டும் கிடந்தது.

மற்றவர்களையும் நான் மறக்கவில்லை. வலை பின்னுவதை விட்டுவிட்டுப் பாறையில் இறங்கி அம்மாவைத் தூக்கிய தம்பிகள் மூன்று பேர், தன் லுங்கியைக் கிழித்துக் கையைத் தொட்டில் கட்டிய பெரியவர், 108 வண்டிக்காரர், என் ஃபோனைப் பாறை இடுக்கில் தேடி எடுத்து ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து கொடுத்த காலேஜ் பெண், பக்கத்துக் கட்டில் குடும்பம் (அந்த இட்லிக்கு அப்படியொரு பசி), இரண்டாம் நாளுக்கு வாடகை வேண்டாம் என்ற லாட்ஜ்காரர், ராத்திரியே கார் எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் இருந்து வந்த சித்தப்பா. உங்கள் எல்லோருக்கும் தனித்தனியாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. இப்போதைக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆறு வாரத்துக்குக் கட்டைப் பிரிக்கக்கூடாது. ஒரு கையால் அம்மாவால் பின்னிக்கொள்ள முடியாது. அதனால் நான் லீவை நீட்டித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். தினமும் காலையில் அவளுக்குத் தலை வாருகிறேன். பத்தாம் வகுப்பு முடியும் வரைக்கும் எனக்கு ரிப்பன் வைத்து ரெட்டைச் சடை போட்டுவிட்டவள் அவள். நாற்பத்து மூன்று வயதில் இப்போதுதான் அவள் தலை என் கைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு மெல்லிசாக எப்போது ஆனது இந்த முடி? காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதே எனக்கு இதுவரை தெரியாது. இத்தனை வருடமாக ஃபோனில் வாரத்துக்கு இரண்டு தடவை சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நுனியில் இருந்து தொடங்க வேண்டும் என்பது உங்களிடம் கற்றுக்கொண்டது. "அந்தப் பொண்ணு கை மாதிரி வராது" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுகிறாள்.

அந்தப் படத்தை அழித்துவிடு என்கிறார்கள். அழிக்க மாட்டேன். அலை வருவதற்கு முந்தின நொடி அது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படம் பிடித்தாயா இல்லையா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இனிமேல் அவளை எங்கேயும் பின்னால் போ, தள்ளி நில் என்று சொல்வதாக இல்லை. எங்கே நிற்கிறாளோ அங்கேயே எடுத்துக்கொள்கிறேன். கோயில் பாதி வெட்டுப்பட்டால் படட்டும்.

கட்டைப் பிரித்ததும் தரங்கம்பாடிக்கு வருகிறோம். அண்ணன் வேண்டாம் என்கிறான், அம்மா கேட்பதாக இல்லை. சீப்பைக் கழுவித் துடைத்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் யாராவது அந்தப் பக்கம் போனால், கோட்டைக்கு வெளியே அலுமினிய அன்னக்கூடையோடு உட்காரும் அக்காவிடம் சொல்லுங்கள். ஐம்பது வயதிருக்கும், தலையில் பூ இல்லாமல் பார்க்க முடியாது.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நீளம் என்றாள். பிறகு அவள் சார்பில் ஒன்று சேர்க்கச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: "நெத்திலி ருசியாத்தான் இருந்துச்சு, ஆனா நாலு தண்ணி கழுவியும் மணல் போகலை. அடுத்த தடவைக்கு வாளைக் கருவாடு அரைக் கிலோ எடுத்து வைக்கச் சொல்லு. விலையை நான் வந்து பேசிக்கிறேன்."